இரைப்பைப் புற்றுநோய் உருவாக்கத்தில் உயிரணுச் சமிக்ஞைப் புரதங்களின் பங்கு

முன்னுரை

உயிரணு எப்போது பிரிய வேண்டும், எப்போது ஓய வேண்டும், எப்போது மடிய வேண்டும் என்பனவற்றை அது பெறும் சமிக்ஞைகளே பெரிதும் தீர்மானிக்கின்றன. மேற்பரப்பிலுள்ள ஏற்பிப் புரதம் செய்தியைப் பெற, உள்ளிருக்கும் புரதங்கள் அதனைக் கைமாற்றி உட்கருவிற்குச் சேர்க்கின்றன. கைனேஸ் என்னும் நொதிகள் புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. பாஸ்படேஸ் நொதிகள் அதனை நீக்குகின்றன. இவ்வொழுங்கு குலைவதே புற்றுநோய்க்கு வழிவகுக்கிறது. இரைப்பையில் அக்குலைவு நிகழும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

நுண்ணுயிரியும் காக்ஏ புரதமும்

ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரியை 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் ஆகியோர் வளர்த்துக் காட்டினர். இதற்காக 2005இல் நோபல் பரிசு பெற்றனர். 1994இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்நுண்ணுயிரித் தொற்றை மனிதரில் புற்றுநோய் விளைவிக்கும் முதல் வகைக் காரணியாக அறிவித்தது. எனினும், தொற்றுற்றோருள் மிகச் சிலருக்கே இந்நோய் தோன்றுகிறது. இவ்வேறுபாட்டிற்கான காரணங்களுள் ஒன்று காக்ஏ புரதமாகும்.

இந்நுண்ணுயிரியின் சில வகைகள், ஊசி போன்ற அமைப்பின் வழியாகக் காக்ஏ புரதத்தை இரைப்பை உயிரணுவினுள் செலுத்துகின்றன. அங்குள்ள சார்க் குடும்பக் கைனேஸ்கள் அதன் டைரோசின் அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அதன்பின் காக்ஏ, எஸ்எச்பி2 என்னும் பாஸ்படேஸுடன் பிணைந்து அதனை முறைதவறித் தூண்டுகிறது. அதன் விளைவாக ராஸ்–இஆர்கே வழித்தடம் இயங்கிப் பிரிதலுக்கான ஆணை செல்கிறது. புறத்தில் எவரும் அனுப்பாத செய்தியை உயிரணு பெற்றதாகக் கொள்கிறது எனலாம். கிழக்காசிய வகைக் காக்ஏ, மேலை நாட்டு வகையினும் எஸ்எச்பி2உடன் வலுவாகப் பிணைகிறது.

காக்ஏ புரதத்தை உருவாக்குமாறு மரபணு மாற்றப்பெற்ற எலிகளுள் சிலவற்றில் இரைப்பைப் புற்றுநோய் தோன்றியதை 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பாஸ்பேட் ஏற்க இயலாதவாறு மாற்றிய காக்ஏ அவ்விளைவைத் தரவில்லை. எனவே பாஸ்பேட் ஏற்றம் இன்றியமையாதது என்பது பெறப்படுகிறது.

பிற புரதங்கள்

உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேட்ஹெரின் புரதம் மறுபுறம் நிற்கிறது. இதற்குரிய மரபணுவின் பிறவிப் பிழையே பரவும் வகை இரைப்பைப் புற்றுநோய் தலைமுறைதோறும் தொடரக் காரணம் என்பது, 1998இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பங்களில் கண்டறியப்பட்டது. ஹெர்2 ஏற்பி சில கட்டிகளில் மிகுந்து காணப்படுகிறது. அத்தகைய முற்றிய நோயாளரிடம் வேதி மருந்துகளுடன் டிராஸ்டுசுமாப் சேர்க்கப்பட்டபோது, இடைநிலை வாழ்நாள் 11.1 மாதங்களிலிருந்து 13.8 மாதங்களாக உயர்ந்தது. இது 2010இல் வெளியான ஆய்வின் முடிவாகும்.

முடிவுரை

நோய் முற்றும்போது இரைப்பைச் சவ்வு நலிவதால் நுண்ணுயிரி பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. ஆயினும் அதற்குள் உயிரணுவின் மரபணுக்களில் படிந்த மாற்றங்கள் நிலைத்துவிடுகின்றன; காக்ஏ இல்லாமலே பிரிதல் தொடர்கிறது. ஆகவே தொற்றினை நீக்கும் மருத்துவம், சவ்வு நலிவதற்கு முன்னர் அளிக்கப்படும்போதே மிகுந்த பயன் தரும். முற்றிய பின் பெறும் சில மாத நீட்சியையும், தொடக்கத்திலேயே தடுப்பதையும் ஒப்பிட்டால், சமிக்ஞைப் புரத ஆய்வின் பயன் தடுப்பிலேயே மிகுதி என்பது புலனாகிறது.