பழைய விளையாட்டு நூல்களுக்கு மறுபதிப்பு: சட்டம் வழிவிடுமா?

கொல்கத்தா: தென்கொல்கத்தாவில் உள்ள டாலிகஞ்ச், வங்கத் திரையுலகின் தாயகம். 1931-ல் பி.என். சர்க்கார் தொடங்கிய நியூ தியேட்டர்ஸ் இங்குதான் இயங்கியது. ரவீந்திரநாத் தாகூர் இயக்கிய ஒரே திரைப்படமான ‘நடீர் பூஜா’ (1932) இங்கு உருவானது. 1940-ல் நேர்ந்த தீ விபத்தில் அந்நிறுவனத்தின் பல படச்சுருள்கள் எரிந்தன. தாகூரின் படச்சுருளும் அவற்றில் ஒன்று. பிரதி இல்லாத படைப்பு நிலைக்காது என்பது டாலிகஞ்ச் கற்ற பாடம்.

அப்பாடம் இன்று மேசை விளையாட்டு நூல்களுக்கும் பொருந்துகிறது. பலர் கூடி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டுக்கு முன்னோடி, அமெரிக்காவில் 1974-ல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் எழுதிய அதன் முதற்பதிப்பு ஆயிரம் பிரதிகள் மட்டுமே. அவற்றைச் சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகின்றனர். உரிமை பெற்ற நிறுவனம் 2013-ல் அதை மறுபதிப்புச் செய்தது.

ஆனால், மூடப்பட்ட சிறு நிறுவனங்களின் நூல்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. உரிமையாளர் யாரென்றே தெரியாவிட்டாலும் பதிப்புரிமை மட்டும் நீடிக்கிறது.

தாகூரும் சட்டமும்

இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருந்தது. 1941-ல் மறைந்த தாகூரின் நூல்கள் 1991 இறுதியில் பொதுவுடைமையாக வேண்டியவை. அவற்றின் உரிமை விஸ்வபாரதியிடம் இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவசரச் சட்டமும், 1992-ல் திருத்தச் சட்டமும் வந்தன; காலவரம்பு எல்லா ஆசிரியர்களுக்கும் 60 ஆண்டுகளானது. தாகூரின் எழுத்துகள் 2001 இறுதியில்தான் விடுபட்டன.

உரிமையாளரைக் கண்டறிய இயலாத நூல்களுக்கு ஒரு வழி உண்டு. 2012 மே மாதம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் விரிவாக்கப்பட்ட 31-ஏ பிரிவின்படி, அவற்றை வெளியிட உரிமம் கோரலாம். அதற்கு முன், நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஆங்கில நாளேட்டில் அறிவிப்பு வெளியிட வேண்டும். விசாரணைக்குப் பின் நிர்ணயிக்கப்படும் உரிமைத்தொகையையும் செலுத்த வேண்டும். நூறு பிரதி அச்சிட விரும்பும் தனிநபருக்கு இது தாங்கக்கூடிய செலவா?

அனுமதியின்றி அச்சிட்டால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. லாப நோக்கம் இல்லையெனில் நீதிமன்றம் அதைக் குறைக்கலாம் என்பதே ஆறுதல்.

இலாப நோக்கற்ற பொது நூலகம், தன்னிடமுள்ள நூலை மின்வடிவில் பாதுகாக்க 2012 திருத்தம் அனுமதிக்கிறது. தனிச் சேகரிப்பாளருக்கு அச்சலுகை இல்லை. அதே 2012-ல் ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி சென்றது. முறையாகத் தேடியும் உரிமையாளர் கிடைக்காத நூல்களை நூலகங்களும் அருங்காட்சியகங்களும் இணையத்தில் வெளியிடலாம் என்றது; உரிமையாளர் பின்னர் வந்தால் இழப்பீடு பெறலாம்.

தாகூரின் எழுத்துகளுக்கான உரிமை முடியவிருந்த வேளையில் சட்டத்தையே திருத்தியது இந்திய நாடாளுமன்றம். உரிமை கோர ஆளில்லாத நூல்களுக்காக ஒரு பிரிவை எளிமையாக்குவது அதனினும் அரிதான செயலல்ல. காகிதமோ அதுவரை காத்திருக்காது.