கட்டைவிரல் அளவு சென்சார், காரையே நிறுத்திவிடும் தெரியுமா?

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கிலோமீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 40 நிமிஷம். ஆர்.பி.எம். முள் 2,000-லேயே நின்றால், அதற்குள் கிராங்க் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றியிருக்கும் தெரியுமா? 80,000 முறை! அதோடு சுற்றும் பல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கிராங்க் சென்சார் 46 லட்சத்து 40 ஆயிரம் பற்களை எண்ணி முடித்திருக்கும்!

ஒரு சுற்றுக்கு 58 பல் என்பது அந்தக் கணக்கு. ஏன் 58? பல கார்களில் 60 பல்லுக்கு இடம் விட்டு, 2 பல்லை வேண்டுமென்றே வைக்காமல் விடுகிறார்கள்! பொக்கை வாய் மாதிரி இருக்கும் அந்த இடைவெளி வரும்போதுதான் ‘பிஸ்டன் இப்போது எங்கே’ என்று காரின் கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

3,000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் ஒரே ஒரு டிகிரி திரும்ப எவ்வளவு நேரம்? ஒரு விநாடியை 18,000 கூறு போட்டால் அதில் ஒரு கூறு! பிளக்கில் பொறி விழுவது இந்தக் கணக்கில்தான். இத்தனைக்கும் சென்சார் சக்கரத்தைத் தொடுவதே இல்லை. நடுவில் 1 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி!

காயில் வகை சென்சாருக்கு வெளியிலிருந்து கரண்டே வேண்டாம், தானே உண்டாக்கிக்கொள்ளும்! இந்த வித்தையைக் கொல்லர் மகன் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தது 1831-இல். அப்போது தஞ்சாவூர் அரண்மனையில் யார் தெரியுமா? சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்த இரண்டாம் சரபோஜி!

இன்னொன்று ஹால் வகை, ‘ஹால் விளைவு’ என்பதில் இயங்குவது. எட்வின் ஹால் அந்த விளைவை 1879-இல் கண்டபோது அவர் மாணவர். எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே தெரிய இன்னும் 18 வருஷம் பாக்கி!

பழைய அம்பாசடரில் இந்தச் சென்சாரே கிடையாது! கார்பரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், அவ்வளவுதான். இன்றைக்கோ, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபிறகு, வரப்போரம் நிற்கும் புது பைக்கில்கூட கிராங்க் சென்சார்!

இந்தச் சென்சார் கெட்டால் என்ன ஆகும்? சித்திரை வெயில். ரயில்வே கேட் மூடியிருக்கிறது. ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி பொட்டென்று ஆஃப்! செல்ஃப் அடித்தால் என்ஜின் சுற்றுகிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. அரை மணி கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடும்! பேயா? இல்லை. சென்சாருக்குள்ளே தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி. விட்டுப்போன இடம் சூட்டில் விலகும், ஆறினால் மறுபடி ஒட்டும்! பட்டறைக்காரர்கள் இதற்கு என்ன செய்வார்கள் தெரியுமா? சென்சார் மேல் ஈரத்துணி! உடனே ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் முக்கால்வாசி தீர்ந்தது. செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் துளிகூட அசையவில்லையா? அதுவும் ஒரு துப்பு!

ஸ்கேனரில் பி0335 என்ற எரர் கோடு வந்ததுமே சென்சார் வாங்க ஓடுகிறவர்கள்தான் அதிகம். கொஞ்சம் பொறுங்கள்! அந்தக் கோடு சொல்வது ‘சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு’ என்று மட்டும்தான். ஒயர் அறுந்தாலும் அதே கோடு வரும்! டெல்டாவில் ஒயரை அறுப்பது யார்? எலி! வெட்டுப்பற்கள் ஆயுசுக்கும் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துத் தேய்த்தே ஆக வேண்டும். அறுவடை முடிந்த வயலைவிட்டு வீட்டுப் பக்கம் வரும் எலிக்குக் கார் பானெட்டுக்குள் கதகதப்பான இடம், கடிக்க ஒயர்! மூங்கிலை வில்லாய் வளைத்து வயலில் வைக்கும் எலிப்பொறிக்கே ‘தஞ்சாவூர் கிட்டி’ என்று பெயர் வாங்கிக் கொடுத்த ஊராயிற்றே! என்னைக் கேட்டால், டார்ச் அடித்து ஒயரைப் பார்க்காமல் பர்ஸைத் திறக்கக் கூடாது.

சென்சாரில் 2 ஒயரா? பெரும்பாலும் காயில் வகை, மல்டிமீட்டரில் ஓம்ஸ் பார்க்கலாம். 3 ஒயரா? ஹால் வகையாக இருக்கலாம், அதில் ஓம்ஸ் பார்த்துப் பிரயோஜனமில்லை! சப்ளை வருகிறதா, எர்த் இருக்கிறதா, சிக்னல் ஏறி இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்யும் சாமானைப் பிடித்திருப்பது எத்தனை போல்ட்? பல கார்களில் ஒன்றே ஒன்று! பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பேனர் போதும். பேட்டரி நெகட்டிவைக் கழற்று, கனெக்டர் லாக்கை விடு, போல்ட்டை எடு, சென்சாரை மெல்லத் திருகி இழு. நுனியில் மீசை மாதிரி இரும்புத்தூள் அப்பியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், உள்ளே காந்தம்! புதுசின் ஓ-ரிங்கில் ஒரு சொட்டு ஆயில் தடவிக் கையாலேயே அழுத்த வேண்டும். சுத்தியல் எடுத்தால் அதுவும் போச்சு! கை நேராகப் போகிற வண்டியில் கால் மணி வேலை. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் அரை நாள்!

மாட்டியாச்சு, முடிந்ததா? சில கார்களில் இல்லை! பல் சக்கரத்தில் எந்தப் பல் நூலிழை முன்னே பின்னே வெட்டப்பட்டிருக்கிறது என்பதைக்கூடக் கம்ப்யூட்டர் மனப்பாடம் செய்து வைத்திருக்கும்! சென்சார் மாறினால் ஸ்கேனரை மாட்டி, என்ஜினைக் குறிப்பிட்ட வேகத்துக்கு உறுமவிட்டு, அந்தப் பாடத்தை முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்!