எஞ்சினுக்கு மூச்சூட்டும் கருவி

மும்பை மாநகரில் தாராவியை ஒட்டி அமைந்துள்ள மாட்டுங்கா லேபர் கேம்ப், தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதியாகும். 1915-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மாட்டுங்கா ரயில் பெட்டித் தொழிற்சாலை அதற்கு அருகிலேயே உள்ளது. குர்லாவில் ஒரு காலத்தில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை மோட்டார்க் கார்களை உற்பத்தி செய்தது. செம்பூருக்கு அப்பால் மாஹூலில், 1954, 1955-ஆம் ஆண்டுகளில் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இன்றும் பெட்ரோல் தயாரிக்கின்றன. இத்தகைய சுற்றுப்புறத்தில் வளரும் சிறுவர்கள், பாடப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே எஞ்சினைப் பற்றி ஆசிரியரிடம் கேள்வி கேட்பார்களாயின் அதில் வியப்பில்லை. "லாரி பாரத்தோடு மேடேறும்போது விசில் ஊதுவதுபோல ஓர் ஒலி கேட்கிறதே, அது என்ன?" என்ற கேள்வி அவற்றுள் ஒன்று. சிறிய கேள்விதான். ஆனால் அதற்குரிய விடை லாரியிலிருந்து புறப்பட்டு, பந்தயக் காரையும் போர் விமானத்தையும் கடந்து, ஜெட் விமானம் வரையில் செல்கிறது.

எஞ்சின் பெட்ரோலைக் குடிக்கிறது என்று பேச்சு வழக்கில் சொல்லுகிறோம். உண்மையில் அது பெட்ரோலைவிட மிகுதியாக உட்கொள்வது காற்றையே. ஒரு கிலோகிராம் பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 15 கிலோகிராம் காற்று வேண்டும். மும்பைத் தெருக்களில் பல்லாண்டுகள் டாக்சியாக ஓடி, 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் விடைபெற்ற பிரீமியர் பத்மினி காரை உதாரணமாகக் கொள்வோம். அதன் நான்கு சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு 1,089 கன சென்டிமீட்டர். இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை உள்வாங்குமாதலால், நிமிடத்துக்கு 3,000 சுற்று என்னும் வேகத்தில் அது இழுக்கக்கூடிய காற்று சுமார் 1,630 லிட்டர். அதாவது கிட்டத்தட்ட 2 கிலோகிராம். வால்வுகளும் குழாய்களும் தரும் தடையால் இந்த அளவுகூட முழுமையாக உள்ளே வருவதில்லை. பெட்ரோலை மட்டும் அதிகமாக ஊற்றினால் பயன் என்ன? எரிவதற்குப் பிராணவாயு இல்லாமல் கரும்புகையாக வெளியேறும். ஆகவே, சிலிண்டரின் அளவைப் பெருக்காமலும் சுற்றும் வேகத்தைக் கூட்டாமலும் எஞ்சினின் சக்தியை உயர்த்த வேண்டுமென்றால், பிஸ்டன் தானாக இழுத்துக்கொள்ளும் காற்றோடு நில்லாமல் மேலும் காற்றை உள்ளே திணிக்க வேண்டும். அவ்வாறு திணிக்கும் கருவியே சூப்பர்சார்ஜர். மின்சாரக் கார்களுக்கு விரைவாக மின்னேற்றும் நிலையங்களையும் இப்போது ஒரு நிறுவனம் இதே பெயரால் வழங்குகிறது. இரண்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதை மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இக்கருவியின் மூதாதை எஞ்சினுக்காகப் பிறந்ததன்று. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற காற்றூதி, இரும்புருக்கும் உலைகளுக்கு ஊதும் துருத்தியாகவே பயன்பட்டது. இரண்டு சுழல் உருளைகள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழன்று, ஒருபுறத்துக் காற்றை வாரி மறுபுறம் தள்ளும். காட்லீப் டைம்லர் 1885-ஆம் ஆண்டிலேயே எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் முறைக்கு உரிமை பெற்றார். பின்னர், வேகமாகச் சுழலும் இறக்கைச் சக்கரத்தின் நடுவில் காற்றை வாங்கி விளிம்பின் வழியே வீசும் மையவிலக்கு வகை வந்தது. இவ்விரண்டும் எஞ்சினின் அச்சிலிருந்தே தமக்கு வேண்டிய சக்தியைப் பெறுவன. 1905-ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்து நாட்டு எஞ்சினீயர் ஆல்ஃபிரட் பூகி வேறொரு வழியைக் கண்டார். புகைபோக்கியின் வழியே வீணாகும் சூடான வாயுவைக் கொண்டு ஒரு சிறு டர்பைனைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையில் காற்றழுத்தியை இயக்குவது அவர் முறை. இதுவே டர்போ-சூப்பர்சார்ஜர்; இன்று சுருக்கமாக டர்போ எனப்படுகிறது. லாரியின் விசில், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று என்ற அளவில் சுழலக்கூடிய இச்சக்கரத்தின் ஒலியேயாகும்.

இக்கருவியின் தேவையை முழுமையாக உணர்த்தியது ஆகாய விமானம். உயரம் செல்லச் செல்லக் காற்று மெலிகிறது என்பது யாவரும் அறிந்ததே. உதகமண்டலத்தின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய ஜீப்பும் பஸ்ஸும் மலைப்பாதையின் மேற்பகுதியில் சோர்ந்து போவதற்கு ஏற்றம் மட்டும் காரணமன்று. சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் வாயுமண்டல அழுத்தம் பாதியாகிவிடுகிறது. ஆயிரம் குதிரைச் சக்தியுள்ள விமான எஞ்சின் அங்கே ஏறத்தாழப் பாதிச் சக்தியை இழந்து நிற்கும். 1918-ஆம் ஆண்டில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த சான்ஃபர்டு மாஸ் என்பவர், லிபர்ட்டி என்னும் விமான எஞ்சினை ஒரு டிரக்கில் ஏற்றி, அமெரிக்காவில் 14,109 அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். கீழே 350 குதிரைச் சக்தி தந்த எஞ்சின், சிகரத்தில் 230 மட்டுமே தந்தது. டர்போவை இணைத்ததும் 356 தந்தது. விமானத்தை வானில் ஏற்றாமல், மலையின் மீது எஞ்சினை ஏற்றி உண்மையைக் கண்டறிந்த இந்த எளிய யுக்தி, வெளிக்களத்தில் பணிபுரிவோரின் கவனத்துக்குரியது.

விமானத்தில் கற்ற வித்தை மோட்டார்க் காருக்கு வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. மெர்ஸிடிஸ் நிறுவனம் 1921-ஆம் ஆண்டில் பெர்லின் கண்காட்சியில் சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்களை வைத்தது. 1923-ஆம் ஆண்டு மோன்ஸாவில் நடைபெற்ற இத்தாலிய கிராண்ட் பிரீ பந்தயத்தில், சூப்பர்சார்ஜர் பூண்ட ஃபியட் கார் வெற்றி பெற்றது. பந்தய மைதானத்தில் கூடியவர்களை இது பித்துக்கொள்ளச் செய்தது என்றே கூறலாம். ஆனால் எல்லா எஞ்சினீயர்களும் மயங்கிவிடவில்லை. பென்ட்லி கார்களை உருவாக்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லி, தம் கார்களில் இக்கருவி பொருத்தப்படுவதை விரும்பவேயில்லை. அவர் விருப்பத்துக்கு மாறாகப் பந்தயவீரர் பர்க்கினின் முயற்சியால் பிறந்த ஊதி பூண்ட பென்ட்லி, 1930-ஆம் ஆண்டு ஃபிரெஞ்சு கிராண்ட் பிரீயில் இரண்டாம் இடம் பெற்றுப் புகழடைந்தது; எனினும் பழுதின்றி நெடுநேரம் ஓடி முடிப்பதில் பழைய ஊதியில்லாப் பென்ட்லிகளுக்கு அது ஈடாகவில்லை. இன்றைய கார்ப் பிரியர்கள் பெரிதும் போற்றுவது அந்த ஊதி பூண்ட காரைத்தான்! மனிதர்கள் இயந்திரத்தின்மீது கொள்ளும் அன்பு, பயனை மட்டும் அளவுகோலாகக் கொள்வதில்லை.

பென்ட்லியின் தயக்கத்துக்கு விஞ்ஞானக் காரணம் உண்டு. காற்றை அழுத்தினால் அது சூடேறும். இதை வகுப்பறையிலேயே காட்டலாம். சைக்கிள் பம்ப்பை டயர்க் குழாயில் இணைத்துப் பத்துப் பதினைந்து முறை அடித்தபின் அதன் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சுடும். உராய்வினால் வந்த உஷ்ணம் என்று மாணவர் சொல்லக்கூடும். அப்படியாயின், பம்ப்பைக் குழாயில் இணைக்காமல் வெறுமனே அதே அளவு அடித்துப் பார்க்கட்டும். சூடு மிகக் குறைவாகவே இருக்கும். காற்றை நெருக்கியதே உஷ்ணத்துக்கு முதற்காரணம் என்பது அப்போது விளங்கும். இனிக் கணக்கைக் காணலாம். 30 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமுள்ள காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு உயர்த்தினால், கருவி குறையற்றதாக இருப்பினும் உஷ்ணம் 67 டிகிரியாகும். நூற்றுக்கு 60 பங்கு திறனுள்ள கருவியாயின் அது 92 டிகிரியை எட்டும். சூடான காற்று விரிவடைவதால், அழுத்தத்தைப் பாதி உயர்த்தியும் சிலிண்டருக்குள் அதிகமாகச் செல்லும் காற்றின் எடை கால் பங்கே. மேலும், இச்சூடான காற்றும் பெட்ரோலும் பிஸ்டனால் மீண்டும் நெருக்கப்படும்போது, பற்றவைக்கும் பொறியை முந்திக்கொண்டும் அதைத் தொடர்ந்தும் கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடித்தெரியலாம். மெக்கானிக்குகள் 'எஞ்சின் தட்டுகிறது' என்று கூறுவது இதையே. இத்தட்டல் நீடித்தால் பிஸ்டனின் தலை ஓட்டையாகிவிடும். உயர்ந்த ஆக்டேன் எண் கொண்ட பெட்ரோல், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இடைக்குளிர்விப்பான், சிலிண்டருக்குள் அழுத்த விகிதத்தைக் குறைத்தல் ஆகிய மூன்றும் இதற்குப் பரிகாரங்கள்.

ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் 27 லிட்டர் மெர்லின் எஞ்சின் இந்த மூன்றையும் பயன்படுத்தி வளர்ந்த வரலாறு, கார்ப் பிரியர்கள் இன்றும் சலிக்காமல் பேசும் பொருளாகும். 1938-ஆம் ஆண்டில் அங்கு வேலைக்குச் சேர்ந்த ஸ்டான்லி ஹூக்கர் எஞ்சின் பழகியவரல்லர், கணித அறிஞர். சூப்பர்சார்ஜருக்குள் காற்று எங்கெங்கே திரும்புகிறது, எங்கே சக்தி வீணாகிறது என்பதை அவர் கணக்கிட்டே கண்டுபிடித்தார். 1942-ஆம் ஆண்டில் இரண்டு அழுத்திகளும் இடைக்குளிர்விப்பானும் கொண்ட மெர்லின், ஸ்பிட்ஃபயர் விமானத்துக்கு முன்னில்லாத உயர்வான் ஆற்றலைத் தந்தது. தொடக்கத்தில் ஆயிரம் குதிரைச் சக்தியளவில் இருந்த எஞ்சின், சிலிண்டரின் கொள்ளளவு மாறாமலே யுத்த இறுதியில் அதைப்போல் இரு மடங்கை எட்டியது. அதற்கும் முன்னரே, விமானப் பந்தயத்துக்காக அந்நிறுவனம் செய்த 'ஆர்' எஞ்சினைக் காரில் பூட்டி, மால்கம் காம்பெல் 1935-ஆம் ஆண்டு செப்டம்பரில் மணிக்கு 301 மைல் வேகம் கண்டார். காருக்கும் விமானத்துக்கும் உள்ள உறவுக்கு இதைவிட நேரான சான்று வேண்டுவதில்லை.

இந்தியாவிலும் அந்த உறவு உண்டு. 1940-ஆம் ஆண்டு டிசம்பரில் மைசூர் அரசின் துணையோடு பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனியைத் தொடங்கிய வால்சந்த் ஹீராசந்தே, 1944-இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸையும் நிறுவினார். லேபர் கேம்ப்பின் தெருக்களில் ஓடிய டாக்சியும் பெங்களூரில் உருவான விமானமும் ஒரே மனிதரின் முயற்சிகளில் வேர்கொண்டவை. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களுள் சுமார் நாற்பதை ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிலாளர் செப்பனிட்டு மீண்டும் பறக்கச் செய்தனர். அவற்றின் நான்கு எஞ்சின்களிலும் டர்போ-சூப்பர்சார்ஜர் இருந்தது. 1968-ஆம் ஆண்டின் இறுதிவரை இந்திய விமானப்படையில் அவை பணியாற்றின. பிறர் பயனற்றவை என ஒதுக்கியவற்றை உயிர்ப்பித்த அத்தொழிலாளரின் பெயர்கள் பெரும்பாலும் புத்தகங்களில் ஏறவில்லை.

1948-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், ஏர் கமடோர் மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவை உடன் அழைத்துக்கொண்டு டக்கோட்டா விமானத்தை லே நகரில் இறக்கினார். லடாக்கைக் காப்பாற்றுவது அப்பயணத்தையே நம்பியிருந்தது. இடையில் இமயத்தின் தொடர்கள். இறங்க வேண்டிய மணல் தரையோ 10,000 அடிக்கும் மேல். டக்கோட்டாவின் எஞ்சின்களில் இருந்தவை ஒரே வேகத்தில் இயங்கும் எளிய சூப்பர்சார்ஜர்கள். அவை உயர்மலைகளைத் தாண்டுவதற்கென்று அமைக்கப்பட்டவை அல்ல. விமானத்தினுள் காற்றழுத்தம் காக்கும் வசதியும் கிடையாது. எஞ்சினுக்கு மூச்சுத் திணறியதோடு, உள்ளே இருந்த மனிதர்களுக்கும் அதே காரணத்தால் மூச்சுத் திணறியிருக்கும்.

சென்னைக்கு அருகே யுத்த காலத்து விமான ஓடுதளமாகிய சோழவரத்தில், 1950-களிலிருந்து மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை அமையும் வரையில், விமானம் விட்டுச்சென்ற சிமெண்டுத் தளமே தமிழ்நாட்டுக் கார்ப் பிரியர்களின் பள்ளிக்கூடம். அங்கே பயின்ற ஆவலைக் குறைகூற இடமில்லை. ஆனால் பழைய காரின் எஞ்சினில், அதன் பிஸ்டனையும் எரிபொருள் அளவையும் மாற்றாமல், எங்கோ வாங்கிய டர்போவைப் பூட்டிப் பொதுச் சாலையில் ஓட்டுவது வேறு. கார் தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வாகனத்தைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கூடிய வேகத்துக்கு ஏற்ப பிரேக் கூடுவதில்லை என்பதைச் சட்டம் அறியாதவரும் அறிவர்.

டர்போவிலிருந்து ஜெட் எஞ்சின் ஓரடி தூரமே. டர்போவில் அழுத்திக்கும் டர்பைனுக்கும் நடுவே நிற்பது பிஸ்டன் எஞ்சின். அதை எடுத்துவிட்டு ஓர் எரிகலத்தை வைத்தால் கிடைப்பது ஜெட். 1941-ஆம் ஆண்டில் ஃபிராங்க் விட்டிலின் பிரிட்டிஷ் ஜெட் எஞ்சினை அமெரிக்காவில் செய்யும் பொறுப்பு ஜெனரல் எலெக்ட்ரிக்குக்குத் தரப்பட்டதற்கு, மாஸின் டர்போவில் அக்கம்பெனி பெற்றிருந்த அனுபவமே காரணம். பெங்களூரில் உரிமம் பெற்றுச் செய்யப்பட்ட வாம்பயர் ஜெட் விமானத்தின் எஞ்சினிலும் மையவிலக்கு அழுத்தியே இருந்தது. மாட்டுங்காத் தமிழர் பலரின் சொந்த மாவட்டமான திருநெல்வேலியில், மகேந்திரகிரி நிலையத்தில் சோதிக்கப்படும் விகாஸ் ராக்கெட் எஞ்சினிலும் சூடான வாயுவால் சுழலும் டர்பைன் ஒன்று உண்டு. அது காற்றைத் தள்ளுவதில்லை. காற்றற்ற வெளியில் செல்ல வேண்டிய ராக்கெட்டுக்கு எரிபொருளையும், அதை எரிக்கும் திரவத்தையும் எரிகலத்துக்குள் செலுத்துகிறது.

இனி லாரிக்குத் திரும்பலாம். டீசல் எஞ்சினில் காற்று மட்டுமே அழுத்தப்பட்டு, எரிபொருள் இறுதியில் தெளிக்கப்படுவதால் பெட்ரோல் எஞ்சினின் தட்டல் அதற்கு இல்லை. ஆகவே டர்போ அங்கே இயல்பாகப் பொருந்தியது. 1964-ஆம் ஆண்டு முதல் வாரணாசியில் செய்யப்பட்ட டபிள்யூ.டி.எம்.-2 ரயில் எஞ்சின், 16 சிலிண்டர்களோடும் டர்போவோடும் 2,600 குதிரைச் சக்தி தந்தது. இன்று ஜீப், லாரி, ஜெனரேட்டர் எனக் களப்பணியாளர் கையாளும் டீசல் எஞ்சின்களுள் மிகப் பல டர்போ உடையவை. 2021-ஆம் ஆண்டில் லடாக்கில் 5,798 மீட்டர் உயரத்தில் உம்லிங் லா கணவாய்ச் சாலை முடிக்கப்பட்டபோது, காற்று பாதியான இடத்தில் உழைத்த இயந்திரங்களுக்கும் இதுவே துணை.

டர்போவின் அச்சு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து சுழல்கிறது. அவ்வெண்ணெயை அனுப்புவது எஞ்சின். பாரத்தோடு மேடேறி வந்த லாரியை நிறுத்தியவுடன் எஞ்சினை அணைத்துவிட்டால் எண்ணெய் நின்றுவிடும், சக்கரமோ சுழன்றுகொண்டிருக்கும், தங்கிய எண்ணெய் டர்பைனின் சூட்டில் கருகி அச்சின் தாங்கியைக் கெடுக்கும். ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைப்பது டிரைவருக்குச் செலவில்லாத காரியம். டர்போவை மாற்றுவதோ அவருடைய பல நாள் வருமானத்தை விழுங்கும். காற்று வடிகட்டியைச் சுத்தமாக வைப்பதும் அவ்வாறே; உள்ளே புகும் மணல் துகள், அந்த வேகத்தில் சுழலும் இறக்கையை அரம்போல் அராவிவிடும். ரயில்வே டீசல் ஷெட்டுகளில் இதற்கென ஒரு சோதனை உண்டு. எஞ்சினை நிறுத்தியபின், டர்போ எத்தனை வினாடி சுழன்று ஓய்கிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்ப்பார்கள். குறித்த நேரத்துக்கு முன்பே ஓய்ந்தால், பாகத்தைப் பிரித்துப் பார்க்காமலே தாங்கியில் கோளாறு என்று அறிந்து அந்த எஞ்சினை லைனுக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுவர்.