கடலைத் தொடாத ஆறு, மிதக்கும் பூங்கா... இந்தியாவுக்குள்ளேயே இப்படியெல்லாம் இடம் இருக்கா?

ஆறு என்றால் கடலில் போய்ச் சேரும், நிலம் என்றால் ஒரே இடத்தில் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த இந்தப் பாடம் இந்தியாவின் சில ஊர்களில் எடுபடாது. அப்படிப்பட்ட 4 இடங்கள் எவை? அங்கே என்னதான் நடக்கிறது?

காணாமல் போகும் கடல்

ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் இருக்கிறது சாந்திப்பூர் கடற்கரை. காலடியில் இருந்த அலை, சில மணி நேரத்தில் கண்ணுக்கே தெரியாத தூரத்துக்குப் போய்விடும். சுமார் 5 கி.மீ. வரை கடல் உள்வாங்கும். அதுவும் தினமும் 2 முறை! பயப்பட ஒன்றுமில்லை, வழக்கமான ஓதம்தான். கடலடித் தரை மிக மிக லேசான சரிவாக இருப்பதால், நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினாலே கிலோமீட்டர் கணக்கில் தரை தெரிந்துவிடுகிறது.

கடலைப் பார்க்காத ஆறு

ராஜஸ்தானின் அஜ்மீர் அருகே ஆரவல்லி மலையில் பிறக்கிறது லூனி ஆறு. பாலோத்ரா வரை நல்ல தண்ணீர்; அதைத் தாண்டினால் மண்ணில் உள்ள உப்பு கலந்து கரிக்க ஆரம்பித்துவிடும். கடைசியில் கடலுக்கே போகாமல், குஜராத்தின் கட்ச் சதுப்பு நிலத்தில் அடங்கிவிடுகிறது.

கரையும் தீவு

அசாமில் பிரம்மபுத்திராவின் நடுவே இருக்கும் மாஜுலி, 2016-ல் தனி மாவட்டமானது. ஆற்றுத் தீவு ஒன்று மாவட்டமானது நாட்டிலேயே அதுதான் முதல்முறை. ஆனால் 1950 நிலநடுக்கத்தில் சரிந்து வந்த மண் ஆற்றுப் படுகையை மேடாக்க, வெள்ளம் கரையை அரிப்பது தீவிரமானது. ஒரு காலத்தில் 1,200 சதுர கி.மீ.க்கு மேல் இருந்த தீவு, இன்று பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது.

மிதக்கும் பூங்கா

மணிப்பூரின் லோக்டாக் ஏரியில் செடி, வேர், மண் எல்லாம் பின்னிப் பிணைந்து மெத்தை போல மிதக்கும். உள்ளூரில் இதற்குப் பெயர் 'பும்டி'. சுமார் 40 சதுர கி.மீ. பரப்புள்ள கெய்புல் லாம்ஜாவோ தேசியப் பூங்காவின் பெரும்பகுதி இந்த மெத்தைதான். அழிந்துவிட்டதாகவே ஒரு காலத்தில் நினைக்கப்பட்ட சங்காய் மான்கள் வாழ்வதும் இதன் மேல்தான்.

இப்போது என்ன சிக்கல்?

கோடையில் நீர் வற்றும்போது பும்டி ஏரியின் தரையைத் தொடும். வேர்கள் அங்கே சத்தை உறிஞ்சிக்கொண்டு, மழைக்காலத்தில் மீண்டும் மேலே எழும். 1983-ல் மின்திட்டத்துக்காக இத்தாய் தடுப்பணை வந்த பிறகு, ஆண்டு முழுக்க நீர்மட்டம் உயர்ந்தே நிற்கிறது. தரையைத் தொட வழியில்லாமல் பும்டி மெலிந்து வருகிறது. மெலிந்தால் மானின் எடையைத் தாங்காது. கோடையில் மதகைத் திறந்து நீர்மட்டத்தைக் குறைத்தால் பும்டி மறுபடி தடிக்க வாய்ப்புண்டு. ஆனால் அதே தண்ணீரில்தான் மணிப்பூருக்கு மின்சாரமும் கிடைக்கிறது. விளக்கா, மானா என்ற இந்த இழுபறிக்கு 40 ஆண்டுகளாகியும் முடிவு வரவில்லை.