கரையோரம் கேட்ட பெயர்கள் – 12: அலியின் ஜனாஸா

2016 ஜூன் 4, சனிக்கிழமை முற்பகல். அமெரிக்காவின் அரிசோனாவில் அப்போது வெள்ளிக்கிழமை இரவு. ஸ்கொட்ஸ்டேல் நகர ஆஸ்பத்திரியில் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியின் உயிர் பிரிந்த செய்தி இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள கல்முனைக்கு வந்து சேர அதிக நேரம் எடுக்கவில்லை. நோன்பு பிறக்கச் சில நாட்களே இருந்தன. சந்தைக்கும் தேத்தண்ணிக் கடைக்கும் சேதி ஒரே வேகத்தில் போனது. “அலி மௌத்தாகிட்டாராம் காக்கா” என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். தெருவுக்கு ஒரு முகம்மது அலியாவது இருக்கும் ஊர்களில், எந்த அலி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அன்று கண் கலங்கிய பெரியவர்களில் அநேகர் அவர் வளையத்தில் நின்றதை நேரலையில் பார்த்ததே இல்லை. அலியின் கடைசிச் சண்டை 1981 டிசம்பர் 11இல், பஹாமாஸ் தீவில், ட்ரெவர் பெர்பிக்கிடம் தோற்றது. இலங்கையின் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது 1982 பெப்ரவரியில். அவர் கையுறையைக் கழற்றிய பிறகுதான் எங்கள் கரைக்குத் தொலைக்காட்சி வந்தது. மருதமுனைத் தறிக்காரருக்கும் நிந்தவூர் வயற்காரருக்கும் சாய்ந்தமருதுக் கரைவலைக்காரருக்கும் அவர் வானொலிச் செய்தியில் கேட்ட பெயர். பத்திரிகையில் கண்ட மங்கலான படம். 1974 ஒக்டோபர் 30 அதிகாலை கின்ஷாசாவில், நாற்பது சண்டைகளில் தோற்காத ஜோர்ஜ் ஃபோர்மனை முப்பத்திரண்டு வயது அலி எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். இங்கே அது காலை எட்டரை மணி தாண்டிய நேரம். எப்படி அடித்தார், கயிற்றில் எப்படிச் சாய்ந்து நின்றார் என்பதெல்லாம் ஒருவர் சொல்ல மற்றவர் மனதில் கண்ட காட்சிகள். சீனடி, சிலம்படி வித்தைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அடியைவிட அடிக்கு ஒதுங்குவதன் அருமை தெரியும்.

அவர் எங்களுக்கு மிக அருகில் வந்தது 1980 ஜனவரியில். சென்னை நேரு விளையாட்டரங்கில், எம்.ஜி.ஆர். முன்னிலையில், பழைய நண்பர் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அதுவும் செய்திதான்.

ஆக, கண்ணால் காணாத ஒரு வீரருக்காக இந்தக் கரை ஏன் அழுதது? பெயர் ஒரு காரணம். 1964 பெப்ரவரியில் சொனி லிஸ்டனை வென்று உலகச் சம்பியனான காஸியஸ் கிளே அடுத்த மாதமே முகம்மது அலி ஆனார். அந்தப் பெயரை அவர் எப்படிப் பேணினார் என்பதற்கு 2002இல் நடந்த ஒன்று போதும். ஹொலிவூட் நடைபாதையில் புகழ்பெற்றவர்களின் பெயரை நட்சத்திரத்தில் பதிப்பார்கள். நபியின் பெயரைத் தாங்கிய நட்சத்திரத்தின் மேல் மனிதர் கால் படக் கூடாது என்றார் அலி. அவருடையது மட்டும் சுவரில் பதிக்கப்பட்டது.

பெயரைவிடப் பெரிய காரணம் அவர் கொடுத்த விலை. 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் நகரில் வியட்நாம் போருக்கான ஆட்சேர்ப்பில் அவர் பெயரை அழைத்தார்கள். முன்னே வர மறுத்தார். மீண்டும் அழைத்தும் அசையவில்லை. சம்பியன் பட்டமும் ஆடும் உரிமமும் பறிபோயின. ஐந்து வருடச் சிறையும் பத்தாயிரம் டொலர் தண்டமும் விதித்தார்கள். மேன்முறையீட்டால் சிறைக்குப் போகவில்லை. 1971 ஜூன் 28 அன்று உயர் நீதிமன்றம் எட்டு நீதியரசர்களும் ஒருமித்துத் தண்டனையை நீக்கியது. ஆனால் இருபத்தைந்து வயதிலிருந்து இருபத்தெட்டு வயது வரை, மூன்றரை வருடங்களுக்கு மேல் அவர் களத்தில் இல்லை. ஒரு குத்துச்சண்டை வீரனுக்கு அந்த வயது திரும்பி வராது. நீதிமன்றம் பெயரைத் திருப்பிக் கொடுத்தது. வயதைக் கொடுக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது.

2016 ஜூன் 9 நண்பகல், அவர் பிறந்த லூயிவில் நகரின் ஃப்ரீடம் ஹோலில் ஜனாஸாத் தொழுகை. 1960இல் அவர் முதல் தொழில்முறைச் சண்டை ஆடிய அதே மண்டபம். இங்கே இரவு ஒன்பதரை மணி, தராவீஹ் வேளை. எங்கள் ஊர்ப் பள்ளி முற்றத்தில் தொழும் அதே நான்கு தக்பீர். ருகூஃ இல்லை, ஸுஜூது இல்லை. இமாம் ஸைத் ஷாகிர் தொழுவித்தார். தன் அடக்கம் எப்படி நடக்க வேண்டும் என்று அலி பல வருடங்களுக்கு முன்பே திட்டமிட்டிருந்தார். முஸ்லிம் அல்லாதோரும் அந்த மண்டபத்துக்குள் வந்து நின்றார்கள். தொலைவில் மௌத்தானவருக்காகக் காயிப் ஜனாஸா தொழுவதை நாங்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் அனுமதிக்கிறது. ஆகவே கண்காணாத தேசத்து மனிதருக்காக துஆச் செய்வது இந்தக் கரைக்குப் புதிதல்ல.

எங்கள் ஜனாஸாவில் இன்னொரு வழக்கம் உண்டு. தொழுகைக்கு முன் வாரிசு எழுந்து, மௌத்தானவர் யாருக்கும் கடன்பட்டிருந்தால் சொல்லுங்கள், மனம் நோகச் செய்திருந்தால் மன்னியுங்கள் என்று கேட்பார். கணக்கு முடிக்காமல் சந்தூக்கைத் தூக்க மனம் ஒப்பாது. அலியை நேசிப்பவர்கள் அவர் கணக்கையும் திறக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

தடைக்காலத்தில் அவருக்கு உதவியவர் சக குத்துச்சண்டை வீரர் ஜோ ஃபிரேசியர். அலியின் உரிமத்துக்காகப் பேசியவர். 1975இல் மணிலாச் சண்டைக்கு முன் அதே மனிதரைக் கொரில்லா என்று உலகத்தின் முன் கேலி செய்தார் அலி. அந்தக் காயம் பல வருடம் ஆறவில்லை. தன்னை இஸ்லாத்தின் பக்கம் அழைத்த தோழர் மல்கம் எக்ஸ், இருவரும் சேர்ந்திருந்த நேஷன் ஒஃப் இஸ்லாம் இயக்கத்தை விட்டு விலகியபோது அலி அவரிடமிருந்து முகம் திருப்பினார். 1965 பெப்ரவரியில் மல்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். சமாதானமாகச் சந்தர்ப்பமே இல்லாமல் போனது. ஃபிரேசியரிடம் அலி 2001இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2011இல் அவருடைய இறுதிச் சடங்குக்கும் போனார். மல்கமுக்குச் செய்ததை வாழ்வின் பெரிய வருத்தங்களில் ஒன்றாக 2004இல் எழுதினார். தவறுகளை ஒப்புக்கொண்ட பிறகுதான் அவர் போனார்.

1984இல் அலிக்குப் பார்க்கின்ஸன் நோய் கண்டறியப்பட்டது. உலகத்தையே பேச்சால் மயக்கிய நாக்கு மெல்ல அடங்கியது. அவர் வீட்டில் ஒடுங்கவில்லை. 1990இல் பக்தாத் போய் அமெரிக்கப் பணயக் கைதிகள் பதினைந்து பேரை மீட்டு வந்தார். 2015 டிசம்பரில், முஸ்லிம்களை அமெரிக்காவுக்குள் விடக் கூடாது என்ற பேச்சு எழுந்தபோது, அரசியல் தலைவர்கள் இஸ்லாத்தைப் பற்றிய புரிதலை வளர்க்க வேண்டும் என்றும், மார்க்கத்தின் பெயரால் கொலை செய்வோரை முஸ்லிம்கள் எதிர்த்து நிற்க வேண்டும் என்றும் ஒரே அறிக்கையில் சொன்னார். 2014இல் அளுத்கமையில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையைப் பார்த்தவர்களுக்கு முதல் பாதி புரிந்தது. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில், தீவிரவாதிகள் குண்டை வெடிக்கவைத்துப் பிள்ளைகளும் மாண்ட அந்த வீட்டைக் கண்டவர்களுக்கு இரண்டாம் பாதியும் புரிந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் துணிவு இந்தக் கரைக்குத் தேவை. அது அலியிடம் இருந்தது.

உடற்பயிற்சிக் கூடங்களில் அலியின் படத்தை ஒட்டும் இளைஞர்களுக்கு, அந்தப் படத்துக்குக் கீழே இரண்டு சேதிகள் எழுதச் சொல்வேன். ஒன்று, ஹூஸ்டனில் அவர் அசையாமல் நின்ற நாள். மற்றது, ஃபிரேசியரிடம் மன்னிப்புக் கேட்ட வருடம். நியாயம் என்று தெரிந்ததற்காக இழக்கத் தயாராக இருப்பதும், அநியாயம் செய்துவிட்டோம் என்று தெரிந்தால் இறங்கி வருவதும் ஒரே நெஞ்சுக்குள் இருக்கலாம் என்று அவர் வாழ்ந்து காட்டினார். குத்துச்சண்டையையே பார்க்காத எங்கள் பெரியவர்கள் அவருக்காக அழுததற்கு அதுவே போதுமான நியாயம்.

(தொடரும்)