பாண் இயந்திரமும் மலைநாட்டு வீடும்

போர்த்துக்கேயர் இலங்கையில் முதன்முதற் கால்வைத்தது 1505 ஆம் ஆண்டில். கரையோர நாடுகளை அவர்கள் கைப்பற்றினராயினும் கண்டி இராச்சியத்தைத் தம் ஆட்சிக்குள் நிலையாகக் கொண்டுவர இயலவில்லை. அது 1815 வரை தன்னரசாகவே விளங்கியது. எனினும், அவர்களது படை நிலைகொள்ள முடியாத மலைமீது அவர்களது சொல் ஒன்று ஏறிக் குடிகொண்டுவிட்டது. 'பாண்' என்பதே அச்சொல். இன்று கண்டியிலும் பேராதனையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் பருப்புக் கறியோடும் தேங்காய்ச் சம்பலோடும் பாண் உண்ணாத வீடு அரிது.

பாண் வாங்குவதற்கும் இங்கு அருமையில்லை. சந்திக்குச் சந்தி வெதுப்பகம் உண்டு. இசை முழங்க முச்சக்கர வண்டியிலும் அது வாசலுக்கு வந்து சேர்கின்றது. அவ்வாறிருக்க, பாண் இயந்திரம் ஒன்றை வீட்டிற்கு வாங்குவானேன் என்ற வினா எழுதல் இயல்பே. விடை வீட்டுக்கு வீடு வேறுபடும். அந்தானைச் சரிவிலோ, கலகாவிலோ, தெல்தோட்டையிலோ தேயிலைத் தோட்டங்களிடையே வாழ்வோருக்கு வெதுப்பகம் தொலைவு. மழைக்காலத்தில் பாதையும் நிச்சயமன்று. முதியோர் ஒருவருக்காக உப்பைக் குறைக்க விரும்பும் குடும்பமும் உண்டு. வெளிநாட்டு உறவினர் அன்போடு அனுப்பிய இயந்திரத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்றறியாது அலுமாரியில் வைத்திருப்போரும் உளர்.

சிக்கனம் கருதி இதனை வாங்க எண்ணுவோர் முதலிற் கணக்குப் பார்த்தல் நலம். ஓர் இறாத்தற் பாணுக்கு 300 கிராம் கோதுமை மாவும், சிறிது எண்ணெய், சீனி, உப்பு, ஈஸ்ட் என்பனவும் செல்லும். மின்சாரம் பெரும்பாலும் அரை யூனிட்டுக்கு மேற்படாது. இவற்றின் விலையைக் கடைப் பாணின் விலையிலிருந்து கழித்தால் எஞ்சுவதே ஒரு பாணில் மிஞ்சும் பணம். இயந்திரத்தின் விலையை அத்தொகையால் வகுத்துப் பாருங்கள். நாள்தோறும் பாண் செய்யும் வீட்டிற்கு அது ஒருவேளை கட்டுப்படியாகலாம். வாரத்திற்கு ஒருமுறை செய்வோர் சிக்கனத்தின் பேரால் இதனை வாங்குதல் பொருந்தாது.

இவ்வியந்திரம் பிறந்த கதை அதன் இயல்பை விளக்கும். 1980களில் ஜப்பானின் மத்சுஷித்தா மின்னியற் கம்பனியார் இதனை உருவாக்க முயன்றபோது, மாவைச் செவ்வையாகப் பிசையும் வகை அவர்களுக்குப் பிடிபடவில்லை. இக்குக்கோ தனாக்கா என்னும் அம்மையார் ஒசாக்கா நகர் ஹோட்டல் ஒன்றின் தலைமைப் பாண் வினைஞரிடம் சென்று பயின்றார். அவ்வினைஞர் மாவை நீட்டும்போதே முறுக்கவும் செய்கிறார் என்பதை அவர் கண்டறிந்தார். பாத்திரத்தின் உட்புறத்தே வரம்பு போன்ற புடைப்புகளை அமைத்து, அக்கைப்பழக்கத்தை இயந்திரத்திற்கு ஊட்டினர். ஆகவே, தேர்ந்த கையின் வேலையை இயந்திரம் ஓரளவு அறியும். மாவின் தரத்தையும் வானிலையையும் அது அறியாது. அவற்றை நோக்கும் கண் நம்முடையதாகவே இருத்தல் வேண்டும்.

இனி, தெரிவு செய்யும் முறையைக் காண்போம். முதலாவதாக நோக்கவேண்டியது மின்னழுத்தம். இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. ஜப்பானில் 100 வோல்ற்றும், கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ற்றும் வழங்குகின்றன. அந்நாடுகளின் இயந்திரத்தை மின்மாற்றியின்றி இங்கே செருகினால் அது கருகிப்போகும், தீவிபத்துக்கும் இடமுண்டு. பிரித்தானியாவிலிருந்தோ அவுஸ்திரேலியாவிலிருந்தோ வந்தவற்றுக்கு இவ்விடர் இல்லை; செருகி பொருந்துகின்றதா என்று பார்த்தால் போதும். எவ்வாறாயினும், இயந்திரத்தின் அடியில் ஒட்டப்பட்டுள்ள தகட்டை வாசித்த பின்னரே விசையை அழுத்துக.

இரண்டாவது, அளவு. ஓர் இறாத்தல், ஒன்றரை இறாத்தல், இரண்டு இறாத்தல் என இவை விற்கப்படுகின்றன. ஓர் இறாத்தல் என்பது 454 கிராம். கடைப் பாணுக்கு 2024 ஆம் ஆண்டு விதிக்கப்பட்ட நிறையும் 450 கிராமே. எனவே, உங்கள் வீட்டில் நாளொன்றுக்கு எத்தனை இறாத்தற் பாண் செலவாகின்றதோ, அதனையே அளவுகோலாகக் கொள்ளலாம். பெரிய இயந்திரத்தில் மிகச் சிறிய பாண் செய்தால் அது ஒரு பக்கமாகச் சரிந்து வேகும்.

மூன்றாவது, மின்தடையைத் தாங்கும் நினைவாற்றல். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் பிற்பகல் இடிமழை பழகிய ஒன்று. மின்சாரம் சில நிமிடம் நின்று வந்தால் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரும் இயந்திரங்கள் உண்டு. முழுவதையும் மறந்துவிடுபவையும் உண்டு. முன்னைய வகையையே தேர்க. இடி நெருங்கும்போது செருகியைக் கழற்றிவிடுதலே பாதுகாப்பு. பாதிப் பிசைந்த மாவை அடுப்பிலிட்டு ரொட்டியாக்கிக் கொள்ளலாம்.

நான்காவது, மாற்றுறுப்புகள். பாத்திரத்தின் ஒட்டாப் பூச்சும் மாவைப் பிசையும் சிறகும் காலப்போக்கில் தேய்வன. அவை தனியே கிடைக்குமா என்பதைக் கடைக்காரரிடம் முன்னரே கேட்டறிக. பதினைந்து, இருபது வகைப் பாண் செய்யும் விசைகள் இருப்பதைக் காட்டிலும் இது முக்கியமானது.

அடுத்து, மாவைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். கோதுமையிலுள்ள புரதம் நீரோடு கலந்து பிசையப்படும்போது குளூட்டன் என்னும் இழுவைப் பசையாகின்றது. ஈஸ்ட் வெளிவிடும் வாயுவை இப்பசையே பிடித்து வைக்க, பாண் உப்புகின்றது. நம்மவர் புட்டுக்கும் இடியப்பத்திற்கும் வைத்திருக்கும் அவித்த கோதுமை மா இதற்கு உதவாது. ஆவியின் சூட்டால் அதன் புரதம் இழுபடுந் தன்மையை இழந்துவிடுகின்றது. ஒரே நிறத்தில் இரு டப்பாக்கள் இருக்கும் வீட்டில் இவை மாறிப்போதல் எளிது. பெயர் எழுதி ஒட்டிவைக்க. குரக்கன் மாவிலும் அரிசி மாவிலும் குளூட்டன் இல்லை. குரக்கன் சுவையை விரும்புவோர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமற் சேர்ப்பது நன்று.

ஓர் இறாத்தற் பாணுக்கு உரிய அளவு வருமாறு: கோதுமை மா 300 கிராம், நீர் 190 மில்லிலீற்றர், உப்பு 5 கிராம், சீனி ஒரு மேசைக்கரண்டி, தேங்காய் எண்ணெய் அல்லது வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, உடனடி ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி. மாவைக் கோப்பையால் அளக்காது தராசில் நிறுத்தல் வேண்டும். அழுத்தி அள்ளிய கோப்பைக்கும் தளர அள்ளிய கோப்பைக்கும் உள்ள வேற்றுமை பாணையே கெடுத்துவிடும். இடும் வரிசை இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுபடும். அதன் கைந்நூல் கூறுவதையே கொள்க. இரவில் இட்டு விடியற்காலை பாண் பெற விரும்புவோர், ஈஸ்ட் நீரைத் தொடாதவாறு மாவின் உலர்ந்த பகுதியில் அதனை வைத்தல் வேண்டும். பாலையும் முட்டையையும் அவ்வாறு இரவு முழுதும் காத்திருக்கவிடுதல் ஆகாது, அவை பழுதடையும்.

பிசையத் தொடங்கிப் பத்து நிமிடம் கழிந்ததும் மூடியைத் திறந்து பாருங்கள். அதனால் தீங்கு ஏதுமில்லை. மா ஒரே உருண்டையாகத் திரண்டு, தொட்டால் சற்றே ஒட்டி விடுபடல் வேண்டும். பாத்திரத்தின் சுவரில் அப்பிக்கொண்டால் ஒரு மேசைக்கரண்டி மாவும், வெடித்துத் துண்டாகினால் ஒரு தேக்கரண்டி நீரும் சேர்க்க. மழைக்காலத்தில் மா காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்குமாதலால், முதலிலேயே ஒரு மேசைக்கரண்டி நீரைக் குறைத்துக்கொள்வது நன்று. வேகத் தொடங்கிய பின்னரோ, மூடியைத் திறவாதிருத்தல் வேண்டும்.

கண்டி நகர் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. இவ்வுயரத்தில் அளவை மாற்ற வேண்டியதில்லை. நுவரெலியாவோ 1,900 மீற்றரை அண்மிய உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவாதலால் வாயு மிகுதியாக விரியும்; பாண் விரைந்து எழுந்து நடுவே அமிழ்ந்துவிடும். ஆங்கு வாழ்வோர் ஈஸ்டிற் காற்பங்கைக் குறைக்கலாம். குளிர்நீருக்குப் பதிலாக இளஞ்சூட்டு நீர் ஏற்றது. கை பொறுக்காத சூடு ஈஸ்டைக் கொன்றுவிடும். எவ்விடத்தாயினும் பாண் அமிழ்ந்தால் நீரோ ஈஸ்டோ மிகுதி, அல்லது உப்பு விடுபட்டது எனக் கொள்க. செங்கல்லெனக் கனத்தால் நீர் குறைவு, அல்லது ஈஸ்ட் பழையது. திறந்த ஈஸ்டைக் காற்றுப் புகாத புட்டியில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும்.

வெந்த பாணை உடனே வெளியே எடுத்துக் கம்பித் தட்டில் ஒரு மணி நேரம் ஆறவிடுக. சுடச்சுட வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும். வீட்டுப் பாணிற் பூஞ்சணத்தைத் தடுக்கும் மருந்து இல்லாமையால், கண்டியின் ஈரக் காற்றில் அது இரண்டு நாளுக்கு மேல் நில்லாது. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் விரைவில் வறண்டுவிடும். துண்டுகளாக்கி உறைபனித் தட்டில் வைத்து, வேண்டும்போது வாட்டி உண்பதே தக்க வழி.

ஒன்றை மறத்தலாகாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை இந்நாட்டில் மின்சாரம் தடைப்பட்டது. அத்தகைய நாட்களில் இவ்வியந்திரம் வெறும் பெட்டியே. மாவும் தேங்காய்த் துருவலும் சூடேறிய தட்டும் கொண்டு ரொட்டி சுடத் தெரிந்த தோட்டத்து வீடு அன்றும் பட்டினி கிடக்கவில்லை. ஆதலால் இயந்திரம் வந்த வீட்டிலும் பிள்ளைகளுக்கு மாப் பிசையக் கற்றுக்கொடுங்கள். மா எப்போது பதம் என்பதைக் கையால் அறிந்தவர்க்கு, மூடியைத் திறந்து பார்க்கும் அந்தப் பத்தாவது நிமிடத்தில் என்ன செய்வது என்பது தானே விளங்கும்.