கட்டை லைட்டை என்ன செய்யலாம்?

கீழ்பென்னாத்தூர் பக்கத்து வீடுகளில் டார்ச் லைட்டுக்கு மூன்று தலைமுறை உண்டு. தாத்தா தோளில் தொங்கவிட்டுக்கொண்டு போன மூணு கட்டை, அஞ்சு கட்டை லைட் (கட்டை என்றால் பேட்டரி செல்) முதல் தலைமுறை. 2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது வீட்டுக்கு வீடு நுழைந்த சார்ஜ் லைட் இரண்டாவது. பிள்ளைகள் ஆன்லைனிலோ திருவண்ணாமலைக் கடையிலோ வாங்கி வரும், உள்ளங்கைக்குள் அடங்குகிற லித்தியம் லைட் மூன்றாவது. புதியது வந்துவிட்டதே என்று பழையது வீட்டை விட்டுப் போய்விடாது. பரணில், அரிசி டிரம்முக்குப் பின்னால், மோட்டார் கொட்டகை ஆணியில் என்று எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும். கேட்டால், "இருக்கட்டும், எதுக்காவது ஆவும்" என்பார்கள்.

ஆகாது என்பதுதான் என் கட்சி. பித்தளைக் குடத்தைப் பத்து வருடம் கழித்து எடுத்தாலும் குடம் குடம்தான். டார்ச் அப்படியல்ல. சும்மா கிடந்தாலே கெட்டுப்போகிற பொருள் அது. உயிரோடு இருக்கும்போதே வேறு கைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் பிரித்துக் கழித்துவிட வேண்டும்.

ஒரு சாதாரண விளக்குக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று நகரத்து வாசகர்கள் கேட்கலாம். திண்டிவனம் - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில், செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் இருக்கிற ஊர் கீழ்பென்னாத்தூர். சாலையோரக் கடைகளில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. சாலையை விட்டு இறங்கி ஏரிக்கரையைத் தாண்டிவிட்டால் கழனியும் கொல்லையும் இருட்டும்தான். தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பம்பு செட் மின்சாரம் இலவசம். ஆனால் மும்முனை மின்சாரம் வெகுகாலம் முறைவைத்துத்தான் வந்தது, அதில் ஒரு முறை ராத்திரி. கரண்ட் வந்தால் எழுந்துபோய் மோட்டார் போட வேண்டும், மடை திருப்ப வேண்டும். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு அடியில் குளிர்ச்சியாக என்ன சுருண்டிருக்கும் என்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் சாகிறார்கள் என்று 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலானவர்கள் கிராமத்துக்காரர்கள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே இந்த மாவட்டத்தில் உண்டு. மல்லாட்டைக் (நிலக்கடலை) கொல்லையில் எலி இருக்கும், எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும். காலில் செருப்பும் கையில் வெளிச்சமும் இருந்தால் தப்பிக்கிற வாய்ப்பு கூடும். உங்கள் பரணில் ஒரு லைட் தூங்குகிறபோது யாரோ ஒருவர் வெறுங்கையோடு வரப்பில் நடந்து போகிறார்.

"செல்லுலதான் லைட் இருக்கே!" இது அடுத்த கேள்வி. இருக்கிறது. அந்த வெளிச்சம் அகலமாகப் பரவி நாலு அடியில் செத்துவிடும். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க உதவாது. ஈரக் கையோடு மடையில் குனிகிறபோது நழுவி விழுந்தால் போவது லைட் மட்டுமில்லை, போனும்தான். ராத்திரி பதினொன்றுக்கு அதில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் இருக்கும் என்பதைப் பிள்ளைகள் பார்த்து முடித்த ரீல்ஸ்தான் தீர்மானிக்கிறது.

சரி, பரணுக்கு வருவோம். பழைய கட்டை லைட்டைக் கையில் எடுத்தால் பெரும்பாலும் எவரெடி என்றிருக்கும், இல்லையென்றால் ஜீப். ஜீப் அலகாபாத்துச் சரக்கு. எவரெடியின் கதை நீளமானது. 1899-இல் அமெரிக்காவில் டேவிட் மிசெல் என்பவர் குழாய் வடிவக் கைவிளக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதைத் தயாரித்த கான்ராட் ஹூபர்ட்டின் கம்பெனியில் பிறந்த பெயர்தான் எவரெடி. பிற்பாடு அது யூனியன் கார்பைடு கைக்குப் போனது. லக்னோவில் அவர்களுக்கு டார்ச் தொழிற்சாலை இருந்தது, நம் திருவொற்றியூரில் பேட்டரித் தொழிற்சாலை இருந்தது. 1984-இல் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற அதே கம்பெனிதான் இந்தியக் கிராமங்களுக்கு வெளிச்சமும் விற்றுக்கொண்டிருந்தது. 1994-இல் இந்திய நிறுவனத்தைக் கொல்கத்தாவின் வில்லியம்சன் மேகர் குழுமம் வாங்கியது, 2022-இல் டாபர் நடத்தும் பர்மன் குடும்பத்திடம் நிர்வாகம் வந்தது. நம் பக்கத்தில் எவரெடியோடு மல்லுக்கு நின்றது நிப்போ. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நெல்லூரில் செல் தயாரித்த இந்தோ நேஷனல் கம்பெனியின் சரக்கு அது. 2019 தேர்தலில் மக்கள் நீதி மய்யத்துக்கு டார்ச் லைட் சின்னம் கிடைத்தபோது சுவரில் வரைந்ததும் இந்தப் பழைய குழாய் லைட்டைத்தான். அதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

லைட்டின் ஆயுள் கட்டையில் இருக்கிறது. கட்டைக்கு வெளிச்சுவர் துத்தநாகக் குவளை, நடுவில் கரிக்குச்சி, சுற்றிலும் மாங்கனீசு டை ஆக்சைடும் கரித்தூளும் கலந்த கறுப்பு மாவு. இந்த மாவை எடுத்து ஊமத்தை இலையோடு அரைத்துப் பள்ளிக்கூடக் கரும்பலகைக்குப் பூசிய வாத்தியார்களும் பிள்ளைகளும் இன்னும் இருக்கிறார்கள். கரண்ட் கொடுக்கக் கொடுக்கக் கரைவது அந்தத் துத்தநாகச் சுவர்தான். தீரத் தீரச் சுவர் மெலிந்து ஓட்டை விழும், உள்ளே இருக்கிற உப்புத் தண்ணீர் ஒழுகி ஸ்பிரிங்கைத் தின்னும். தீர்ந்த செல்லை வெயிலில் காயவைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் எரிவது உண்மை. சூட்டில் வேதிவினை சற்று வேகம் எடுக்கிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே மெலிந்த சுவர் இன்னும் சீக்கிரம் ஒழுகும். பரணில் கிடக்கும் லைட்டுகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றது உள்ளேயே மறந்து விடப்பட்ட செல்தான், பழசானதால் அவை சாகவில்லை.

அப்படிச் செத்ததாக நினைக்கிற லைட்டையும் பிழைக்க வைக்கலாம். அடிமூடி திருகாமல் இறுகியிருக்கும். ரப்பர் துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகுங்கள். செல் ஊறி உப்பிக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தால் முன்பக்கத்தைக் கழற்றிவிட்டு மரக்கட்டையால் தள்ளுங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்பை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்து, ஸ்பிரிங்கையும் சுவிட்சின் பித்தளைத் தகட்டையும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் பாதி லைட்டுகள் எழுந்து உட்காரும். கையில் அந்த ஈரம் பட்டால் கழுவிவிட வேண்டும்.

பல்பு போயிருந்தால் அதே கழுத்து அளவில் எல்இடி பல்பு கிடைக்கிறது. இரண்டு கட்டைப் பழைய பல்பு தந்தது சுமார் 10 லூமென் வெளிச்சம், ஒரு வாட் எல்இடி அதைப் போலப் பத்து மடங்கு தரும். வாங்கும்போது எத்தனை கட்டை லைட் என்று சொல்லி அதற்கேற்ற வோல்ட்டுக்குக் கேளுங்கள். இன்னொன்றும் உண்டு. பழைய இழை பல்புக்குச் செல்லின் தலை எந்தப் பக்கம் இருந்தாலும் கவலையில்லை. எல்இடி அப்படியில்லை, பிளஸ் மைனஸ் மாறினால் எரியவே எரியாது. செல்லைத் தலைகீழாகப் போட்டுப் பழகிய பெரியவர்கள், புது பல்பும் போச்சு என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு இதுதான் காரணம். கடைக்காரர்கள் பங்குக்கு, "ரிப்பேர் பண்ற காசுல புதுசே வாங்கிடலாம்ண்ணே" என்று ஒரு பாட்டு வைத்திருக்கிறார்கள். கட்டை லைட்டைப் பொறுத்தவரை அது பொய்.

இப்படிப் பிழைத்த லைட்டுக்கு ஆள் தேட வேண்டியதில்லை. ராத்திரி கொல்லையில் ஆட்டுக் கிடை போடுகிறவர், செங்கல் சூளையில் கண் விழிக்கிறவர், கரும்பு வெட்ட வந்து கொட்டகை போட்டுத் தங்கியிருக்கிற குடும்பம், விடிவதற்கு முன்னால் பூப்பறிக்கப் போகிற பெண்கள், கேனோடு பால் சொசைட்டிக்கு நடக்கிறவர் என்று வரிசையே உண்டு. காட்டுப்பன்றிக்குப் பயந்து மல்லாட்டைக்குக் காவல் இருக்கிறவருக்கு அஞ்சு கட்டை லைட் இன்றைக்கும் சரியான ஆயுதம். முயல் பிடிக்க லைட் கேட்டு வருகிறவருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். வனத்துறை வழக்கில் உங்கள் லைட்டும் சேரும்.

கொடுப்பதற்கு ஒரே ஒரு சோதனைதான். அந்த லைட்டை நம்பி அமாவாசை ராத்திரியில் நீங்கள் கழனியில் இறங்குவீர்களா? மாட்டீர்கள் என்றால் அடுத்தவரையும் இறக்காதீர்கள். விட்டுவிட்டு எரிகிற லைட்டை ஏழைக்குத் தருவது தானத்தில் சேராது.

இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்பது நடுத் தலைமுறையான சார்ஜ் லைட். உள்ளே 4 வோல்ட் ஈயப் பேட்டரி, பின்னால் சுவர் பிளக்கில் நேராகச் செருகும் இரண்டு முள். மலிவான மாடல்களில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. ஒரு கெப்பாசிட்டர் மட்டும்தான் வீட்டு மின்சாரத்துக்கும் உங்கள் விரலுக்கும் நடுவில் நிற்கிறது. மூடி விரிசல் விட்ட லைட்டைச் சார்ஜ் போட்டபடி தொட்டால் ஷாக் நிச்சயம். ஈயப் பேட்டரிக்குச் சும்மா இருப்பது ஆகாது, சில மாதம் சார்ஜ் போடாமல் விட்டாலே உள்ளே உப்புப் படிந்து படுத்துவிடும். உடம்பு நன்றாக இருந்தால் பேட்டரியை மாற்றி வீட்டிலேயே பயன்படுத்துங்கள். விரிசல் இருந்தால் யாருக்கும் கொடுக்காதீர்கள், அதுவும் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குக் கூடவே கூடாது. பேட்டரியை மட்டும் கழற்றி, வண்டி பேட்டரி விற்கிற கடையில் சேர்த்துவிடலாம், ஈயத்துக்கு விலை உண்டு. உடைத்து ஈயம் எடுக்கிற வேலை வீட்டு வாசலில் வேண்டாம். அந்தத் தூசி பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும்.

லித்தியம் லைட் இப்போதுதான் வந்திருக்கிறது, பரணுக்குப் போகக் கொஞ்சம் நாளாகும். ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கிற 18650 என்ற உருளை செல்லின் மேல் 9,900 என்று கொள்ளளவு அச்சடித்து விற்கிறார்கள். அந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிக்காரர்களே 3,500 மில்லி ஆம்பியர் அவரைத்தான் எட்டுகிறார்கள். உப்பினாலோ நசுங்கினாலோ அதைக் குப்பையில் போடக் கூடாது. குப்பை வண்டியில் அழுத்தப்பட்டால் தீப்பிடிக்கும்.

எங்கே போடுவது என்பதற்குச் சட்டம் பதில் வைத்திருக்கிறது. 2001-இல் வந்த பேட்டரி விதிகள் ஈயப் பேட்டரிகளோடு நின்றுவிட்டன. 2022 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் டார்ச் கட்டை உட்பட எல்லா வகைக்கும் பொருந்தும். தீர்ந்ததைத் திரும்பச் சேகரிக்கிற பொறுப்பு தயாரிக்கிறவருடையது, மற்ற குப்பையோடு கலக்காமல் தனியே ஒப்படைக்கிற பொறுப்பு நம்முடையது. விதி டெல்லியில் இருக்கிறது, கீழ்பென்னாத்தூரில் செல்கள் எருக்குழியில் கிடக்கின்றன. வீட்டைப் பெருக்கியது எல்லாம் எருக்குழிக்குப் போவது இங்கே வழக்கம். சாணத்துக்கும் சாம்பலுக்கும் அது சரி. செல்லும் கூடவே போனால் அடுத்த உழவுக்கு அது வண்டியேறிக் கழனிக்கு வரும். துருப்பிடித்த தகடு நாற்று நடுகிற பெண்ணின் காலைக் கிழிக்கும், உப்பு மண்ணில் இறங்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தீர்ந்த செல்களைச் சேர்த்து, லித்தியம் செல்லாக இருந்தால் இரு முனையிலும் டேப் ஒட்டி, பேரூராட்சி வண்டி வரும்போது, "இது பேட்டரி, தனியா வைங்கம்மா" என்று சொல்லிக் கொடுங்கள். பேரூராட்சிக்கும் ஒரு வார்த்தை: பேருந்து நிலையத்திலும் வாரச்சந்தையிலும் இதற்கென்று பூட்டுப் போட்ட ஒரு பெட்டி வைத்தால் பெரிய செலவாகிவிடாது.

நைனா வைத்திருந்த லைட் என்று நினைவுக்காக வைத்துக்கொள்வதில் தப்பில்லை. செல்லை எடுத்துவிட்டு வையுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போடுவதாக இருந்தால் முதலில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டாமல், அடிமூடியில் லேசாகச் சுரண்டினால் மஞ்சள் தெரிந்தால், அது பித்தளை. இரும்பு விலைக்கு எடை போட விடாதீர்கள்.

மற்றதையெல்லாம் ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது புது செல் போட்டு, ஒரு தடவை எரித்துக் காட்டிக் கொடுங்கள்.